பாராமகாலும் பள்ளிக் கணக்கும்: சர் தாமஸ் மன்றோ வாழ்க்கை வரலாறு

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கல்வித் துறையோடு தொடர்புடைய பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. ராஜா, சுவாமி சகஜானந்தர், அண்ணல் அம்பேத்கர் ஆகிய நம் முன்னோடிகளைப் பற்றி எழுத வல்லார் பலர் நம்மிடையே உளர். யான் எடுத்துக்கொண்டவரோ நம் இனத்தவரல்லர்; நம் நாட்டவருமல்லர். சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்த சர் தாமஸ் மன்றோ அவர்.

இவரை ஏன் எடுத்தாய் என அன்பர்கள் வினவக்கூடும். காரணம் இரண்டு. ஒன்று, அவர் நம் தருமபுரியில் ஏழாண்டுகள் வாழ்ந்தவர். இம்மண்ணில் நின்றே ஆட்சிமுறை பயின்றவர். மற்றொன்று, பள்ளியில் எந்தச் சாதிப் பிள்ளை எத்தனை பேர் அமர்ந்துள்ளனர் என்று இந்நாட்டில் மாகாணம் முழுவதற்கும் முதன்முதலாகக் கணக்குக் கேட்டவர் அவரே. தலைமையாசிரியராகிய யான் ஆண்டுதோறும் நிரப்பி அனுப்பும் படிவத்தின் மூதாதை அவர் வகுத்த படிவம்தான். அதில் நம் பிள்ளைகளுக்கு எந்த இடம் கிடைத்தது என்பதை அறிய விரும்பியே அவர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவிலிருந்து புகையிலை தருவித்து வாணிகம் செய்தவர். இளமையில் வந்த தட்டம்மையால் தாமஸின் காது சற்று மந்தமாயிற்று. அக்குறை வாழ்நாள் முழுவதும் நீடித்தது. எனினும் படிப்பில் ஆர்வம் மிக்கவர். ஸ்பானிய மொழியில் உள்ள புகழ்பெற்ற நெடுங்கதையொன்றை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காகவே அம்மொழியைத் தாமாகக் கற்றார் என்பர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் பயின்றபின் ஒரு வாணிக நிலையத்தில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். அப்போது அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலைப் போர் தொடுத்தன. புகையிலை வாணிகம் வீழ்ந்தது. தந்தையார் நொடித்துப் போனார். பதினெட்டு வயது இளைஞர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை வந்து இறங்கினார்.

அந்த ஆண்டே ஐதர் அலி கர்நாடகச் சீமைமீது படையெடுத்தார். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பின்வாங்கிய கம்பெனிப் படையில் இளைஞர் மன்றோவும் இருந்தார். போர் முடிந்தபின் சிறு சம்பளத்தில் பல ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். சகோதரரோடு சேர்ந்து நொடித்துப்போன பெற்றோருக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பியும் வந்தார். வறுமை கண்ட வீட்டுப் பிள்ளை என்பதனை அவர் வரலாறு படிப்போர் மறந்துவிடலாகாது.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகால் பகுதியைக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தார். பன்னிரண்டு கோட்டைகளின் நாடு எனப்பட்ட அப்பகுதியுள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அடங்கும். கம்பெனியின் சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழி தெரியாது. ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத் தலைவரைத் தேர்ந்து, அவருக்கு உதவியாக மூன்று படை அதிகாரிகளையும் அனுப்பினார். அம்மூவருள் ஒருவர் மன்றோ. ரீடு திருப்பத்தூரில் தங்கினார். மன்றோவுக்கு வாய்த்தது தருமபுரி.

1792 முதல் 1799 வரை ஏழாண்டுகள் அவர் இங்கே இருந்தார். ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்தார். ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடிப்பார். கர்ணத்தையும் மணியக்காரரையும் குடியானவர்களையும் ஒருங்கே அழைப்பார். இந்த நிலம் யாருடையது, என்ன விளைகிறது, என்ன கொடுக்க இயலும் என்று பொழுது சாயும் வரை கேட்டுக்கொண்டிருப்பார். காது மந்தமான ஒருவர் அத்தனை பேருடைய வழக்கையும் பொறுமையோடு கேட்டார் என்பது வியப்பே. தருமபுரியில் தம் கையால் ஒரு தோட்டம் போட்டு வளர்த்தார். மாற்றலாகிப் போகும்போது, பகைவர் நாட்டை வென்ற மகிழ்ச்சியைவிட இத்தோட்டத்தையும் இவ்வூரையும் விட்டுப் பிரியும் துயரமே பெரிதாயிருந்ததைத் சகோதரிக்கு எழுதிய கடிதங்களில் காட்டியுள்ளார். நம் ஊரை மழையற்ற ஊர், வறண்ட ஊர் என்று இகழ்வோர் இதனை நினைவிற்கொள்க.

இவ்வேழாண்டுகளில் முளைத்ததே ரயத்துவாரி முறை. இடைத்தரகராகிய ஜமீன்தார் இன்றி, நிலத்தை உழுவிக்கும் குடியானவனோடு அரசாங்கம் நேரே தீர்வை பேசும் ஏற்பாடு அது. நிலத்தை அளந்து, தரம் பிரித்து, குடியானவன் பெயருக்குப் பட்டா கொடுத்தனர். நாட்டு வரலாற்றில் இது பெரிய சீர்திருத்தம் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வினாவும் கேட்கிறோம். ஆயினும் ஒன்று கூறியாதல் வேண்டும். பட்டா ஏறிய ஏட்டில் நிலமுடையோன் பெயர் ஏறிற்று. அந்நிலத்தில் ஏர் பிடித்தவன், நாற்று நட்டவள், கமலை ஓட்டியவன் பெயர்கள் ஏறவில்லை. பாராமகாலில் வாழ்ந்த சாதிகளைப் பற்றி அக்காலத்து அதிகாரிகள் திரட்டிய குறிப்புகள் பின்னர் தொகுதிகளாக அச்சேறின. அவற்றில் நம் மக்களின் பழக்க வழக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. ஆகவே நாம் கண்ணில் படாதவர்களல்லோம். நம்மைப் பற்றி எழுத ஒரு நூல் இருந்தது. நம் பெயர் ஏற ஏடுதான் இல்லை.

1799க்குப் பின் மன்றோவின் ஏற்றம் விரைவானது. கன்னட மாவட்டத்தை ஓராண்டு ஆண்டார். 1800 முதல் 1807 வரை பள்ளாரி, கடப்பை முதலிய ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களின் முதன்மைக் கலெக்டராக இருந்தார். பின்னர் விடுப்பில் தாய்நாடு சென்றார். கம்பெனியின் உரிமைச் சாசனம் 1813ஆம் ஆண்டு பாராளுமன்றத்தின் முன் விவாதத்திற்கு வந்தபோது, மன்றோவைச் சாட்சியாக அழைத்தனர். இந்தியர் நாகரிகமற்றவர், அவர்களுக்கு நாகரிகம் கற்பிப்பது ஆங்கிலேயர் கடமை என்று பலரும் பேசிய அவையில், அவர் வேறு விதமாகச் சாட்சி சொன்னார். உழவிலும் கைத்தொழிலிலும் இந்தியர் தேர்ந்தவர் என்றும், எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் பள்ளி ஊர்தோறும் உள்ளது என்றும், நாகரிகம் ஒரு விற்பனைச் சரக்காயின் அதனை இறக்குமதி செய்வதால் இங்கிலாந்துக்கே ஆதாயம் என்றும் அவர் கூறியதன் சாரம். நெஞ்சுரம் மிக்க சாட்சியம்! ஆனால் ஊர்தோறும் பள்ளி உண்டென்பதற்கு அன்று அவர் கையில் கணக்கு ஏதுமில்லை. அது கண்டதையும் கேட்டதையும் கொண்டு கூறிய கருத்தே.

அக்கணக்கைத் தேடும் வாய்ப்பு ஒன்பதாண்டு கழித்து வந்தது. 1820ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் சென்னை கவர்னராகப் பதவியேற்றார். 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ஒரு குறிப்பு எழுதினார். நாட்டு மக்கள் அறியாமையில் மூழ்கியவர் என்பாரும், கல்வி மிக்கவர் என்பாரும் ஆதாரம் இன்றியே பேசுகின்றனர். நிலத்தை அளந்தோம், விளைச்சலை அளந்தோம், மக்கள் தொகையையும் எண்ணினோம். கல்வியை மட்டும் யாரும் எண்ணவில்லை என்பது அதன் கருத்து. ரெவினியூ போர்டு வழியே எல்லாக் கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் சென்றது. பள்ளிகள் எத்தனை, மாணாக்கர் எத்தனை பேர், எத்தனை ஆண்டு படிக்கின்றனர், மாதச் சம்பளம் என்ன, எந்த நூல்களைப் படிக்கின்றனர், மானியம் உண்டா என்பன வினாக்கள். மாணாக்கரைப் பிராமணர், வைசியர், சூத்திரர், இதர சாதியார் அனைவரும், முகமதியர் என்று ஐந்து கட்டங்களில் ஆண் பெண் பிரித்து நிரப்ப வேண்டும். பள்ளிகளின் நடைமுறையில் அதிகாரிகள் தலையிடலாகாது என்றும் அவர் எச்சரித்திருந்தார்.

விடைகள் வந்துசேர மூன்றாண்டுகள் ஆயின. கன்னட மாவட்டத்துக் கலெக்டர் எண்ணிக்கையை அனுப்பவே இல்லை. கவர்னர் தாமே முன்பு ஆண்ட மாவட்டம் அது! மேலிடத்துப் படிவத்தைக் கிடப்பில் போடுவது நம் காலத்து நோய் என்று எண்ணியிருந்தேன். அதற்கும் தொன்மை உண்டென்று தெரிந்தது.

நிற்க. மாகாணம் முழுமைக்கும் வந்த கணக்கு இது: பள்ளிகள் 12,498, மக்கள் தொகை 1,28,50,941, மாணாக்கர் 1,88,650. இவர்களுள் ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. ஏறத்தாழ 67 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தார். மன்றோ இவ்வெண்ணை அப்படியே ஏற்கவில்லை. பெண்கள் பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்பப்படாததால் ஆண்களை மட்டும் எடுத்து, ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள சிறுவரை ஏறத்தாழ 7,13,000 எனக் கணித்தார். அவருள் நான்கில் ஒருவர் பள்ளியில் இருந்தார். வீட்டிலேயே படித்த பிள்ளைகளைச் சேர்த்தால் மூன்றில் ஒருவர் ஆகலாம் என்றார். சென்னை நகரத்தில் மட்டும் வீட்டில் படித்தோர் 26,000க்கு மேல் என அங்கிருந்து வந்த கணக்குக் காட்டிற்று. அக்காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அண்மைக்காலம் வரை இருந்த நிலையைவிட இது மேலானது என்பது அவர் முடிவு. 1813இல் கருத்தாகச் சொன்னதற்கு இப்போது கணக்கு கிடைத்தது.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். தருமபுரி அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது. தனி மாவட்டமானது 1965இல்தான். சேலம் ஜில்லாவின் மக்கள் தொகை 10,75,985, பள்ளிகள் 333, மாணாக்கர் 4,326. மாகாணத்தில் 67 பேருக்கு ஒருவர் படித்தபோது, சேலத்தில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர்! அண்டையிலுள்ள கோயமுத்தூர் ஜில்லாவில் மக்கள் தொகை இதைவிடக் குறைவு, பள்ளிகளோ 763. மன்றோ மிகவும் நேசித்த பாராமகாலை உள்ளடக்கிய ஜில்லா, அவர் எடுத்த கணக்கில் மாகாண நிலைக்கு நெடுந்தொலைவு கீழே நின்றது. தேர்வு முடிவு வெளிவரும் நாளில் மாவட்ட வரிசையைக் கீழிருந்து தேடிப் பழகிய நம் போன்ற ஆசிரியர்களுக்கு இதனைப் படிக்கும்போது நெஞ்சு சற்று வலிக்கும்.

அந்த 4,326 பேர் யாவர்? பிராமணச் சிறுவர் 459, வைசியர் 324, சூத்திரர் 1,671, இதர சாதியார் 1,382, முகமதியர் 432, ஆகச் சிறுவர் 4,268 பேர். சிறுமியர் 58 பேர் மட்டுமே; அவருள் 27 பேர் முகமதியர், 28 பேர் இதர சாதியார், மூவர் சூத்திரர். பள்ளிக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் கோயில் தாசியர் குலத்தவர் என்று கலெக்டர்கள் பலர் எழுதினர்.

அன்று படித்தோருட் பெரும்பாலோர் பிராமணரல்லாதார் என்பது இக்கணக்கின் வழி தெளிவாகிறது. தரம்பால் என்னும் அறிஞர் இவ்வறிக்கைகளையெல்லாம் திரட்டி 1983இல் நூலாக வெளியிட்டதிலிருந்து, ஆங்கிலேயர் வருமுன் எல்லோரும் படித்தனர் என்று மேடைகளில் முழங்குவாரைக் காண்கிறோம். அவர்களிடம் யான் பணிவுடன் கேட்பது ஒன்றே. இதர சாதியார் அனைவரும் என்னும் கட்டத்தில் உள்ள 1,382 சிறுவருள் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர்? படிவம் சொல்லாது, படிவத்தை வகுத்தவர் அதனைக் கேட்கவில்லை. நால்வருணத்துள் அடங்காதார், கைவினைஞர், இன்னார் என்று குறிக்க இயலாதார் ஆகிய யாரையும் அக்கட்டத்தில் கொட்டலாம். செங்கற்பட்டு, தஞ்சை, மலையாளம் முதலிய பகுதிகளில் நம் மக்கள் பண்ணையடிமைகளாக இருந்த காலம் அது. அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843இல்தான். அக்கிரகாரத்துத் திண்ணையிலும் ஊர்த் தெருத் திண்ணையிலும் நடந்த பள்ளிக்குள், அத்தெருவிலேயே நடக்கவொண்ணாத பிள்ளை எவ்வாறு நுழைந்திருப்பான்?

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். யான் பணியில் சேர்ந்த புதிதில், மலையடிவாரத்துச் சிறு பள்ளியொன்றில் ஆண்டுக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. பழங்குடிப் பிள்ளைகள் நால்வரிடம் சாதிச் சான்றிதழ் இல்லை. பெற்றோர் தாலுகா அலுவலகத்திற்குப் பலமுறை நடந்தும் கிடைக்கவில்லை. எனக்குக் கணக்கு முடிய வேண்டும். நால்வரையும் இதரர் என்னும் கட்டத்தில் எழுதிக் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டினேன். அவ்வாண்டு அவர்களுக்கு உதவித்தொகை வரவில்லை. ஒருவன் அடுத்த ஆண்டு பள்ளிக்கே வரவில்லை. செங்கற்சூளைக்குச் சென்றான் என்று பின்னர் அறிந்தேன். கூட்டுத்தொகை மட்டும் சரியாகவே இருந்தது. இன்று கணினியில் எமிஸ் பதிவு செய்யும்போதும், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்று கட்டங்கள் தனித்தனியே இருப்பதைக் காணும்போதும் அந்த நால்வரும் என் நினைவுக்கு வருவர்.

மன்றோவின் கணக்கெடுப்பு எண்ணிக்கையோடு நிற்கவில்லை. கற்றலின் தரத்தையும் ஆராய்ந்தது. கலெக்டர்கள் அனுப்பிய விடைகளில் சிறந்தது பள்ளாரிக் கலெக்டர் கேம்பெல் 1823இல் எழுதியது. அவர் ஜில்லாவில் 533 பள்ளிகள், மாணாக்கர் 6,641. கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்கு 226, மராத்தி 23, வடமொழி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1 என்று மொழிவாரியாகவே பிரித்துக் காட்டினார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும், முன்னேறிய மாணாக்கன் பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பாராட்டினார். சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் பள்ளியிலிருந்து இம்முறையை ஆண்ட்ரூ பெல் பாதிரியார் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் என்பது ஆசிரியர் பயிற்சி பெற்ற யாவரும் அறிந்ததே. குறையையும் கேம்பெல் மறைக்கவில்லை. பழைய நடையில் அமைந்த செய்யுட்களைப் பிள்ளைகள் பொருள் தெரியாமலே உருப்போட்டனர். கற்பித்தவர்க்கும் பொருள் தெரியாது. முன்பு பள்ளி இருந்த ஊர்கள் பலவற்றில் இப்போது இல்லை. ஆங்கில ஆலைத்துணி வந்து நெசவாளர் பிழைப்பு கெட்டது. நாட்டுச் செல்வம் வெளியேறியது. பெற்றோரால் சம்பளம் கொடுக்க இயலவில்லை என்றும் தம் கம்பெனியாருக்கே எழுதினார். இப்படி எழுதத் துணிந்த அதிகாரியும், அதனைக் கோப்பிலிருந்து நீக்காத கவர்னரும் பாராட்டுக்குரியர்.

திண்ணைப் பள்ளியில் கற்றது எழுத்து, கணக்கு, கடிதம் எழுதுதல் ஆகியவை. கணக்குப்பிள்ளைக்கும் வணிகனுக்கும் அது தொழிற்கல்வியே. தச்சன் மகன் தச்சுப் பட்டறையிலும், தறிக்காரன் மகன் தறிக்குழியிலும் தொழில் கற்றான்; அப்பள்ளிகளை மன்றோவின் படிவம் எண்ணவில்லை. நம் பிள்ளை கற்ற தொழிலோ பறையும் தோலும் பண்ணை வேலையும். அதற்குக் கூலி களத்து மேட்டில் அளந்த தானியம். மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவு 1978இல் தொடங்கியதிலிருந்து அப்பிரிவில் சேர்வோர் பட்டியலை யான் கவனித்து வருகிறேன். மோட்டார் பழுதும் தையலும் கற்பது தாழ்ந்ததென்று யான் கருதவில்லை. அவற்றால் பிழைத்துத் தலைநிமிர்ந்தோர் நம்மில் பலர் உளர். ஆனால் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்ற நம் பிள்ளையையும் அவன் குடும்பத்துக்கு ஏற்றது இதுவே என்று கைகாட்டி அனுப்புவதைக் கண்டபோது எதிர்த்திருக்கிறேன். சிலமுறை வென்றும் இருக்கிறேன்.

1826ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் மன்றோ தம் முடிவுகளை எழுதினார். கல்வி தாழ்ந்திருப்பதற்கு அவர் கண்ட காரணங்கள் பெற்றோர் வறுமை, ஆதரவின்மை, ஆசிரியரின் அற்ப வருவாய். பிள்ளைகள் கொடுக்கும் சில்லறையால் ஆசிரியருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை. அவ்வருவாய்க்குத் தேர்ந்தவர் வரமாட்டார் என்றார். இருபது கலெக்டர் ஜில்லாக்களிலும் இந்துக்களுக்கு ஒன்று, முகமதியருக்கு ஒன்று என நாற்பது பள்ளிகள். ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில்தாரிக்கு ஒன்றாக 300 பள்ளிகள். ஆசிரியருக்கு 9 ரூபாய். இவர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் பயிற்றவும் பாடநூல் அச்சிடவும் சென்னைப் பாடநூல் சங்கத்துக்கு மாதம் 700 ரூபாய். எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 48,000 ரூபாய். பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாகவே உள்ளது. கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்துக்கு ஓராண்டுக் கல்விச் செலவு அரை இலட்சத்திற்கும் குறைவு என்பதையும் அன்பர்கள் காண்க.

அத்திட்டத்தில் இந்துவுக்கு ஒன்று, முகமதியருக்கு ஒன்று உண்டு. கிராமத்து இந்துப் பள்ளிக்குள் விடப்படாத இந்துவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மன்றோ அறியாதவரல்லர், ஏழாண்டு நம் ஊர்களில் கூடாரம் அடித்தவர், சேரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நன்கு கண்டவர். ஊரார் வழக்கத்தில் கைவைத்தால் ஆட்சி கலங்கும் என்பது அவருடைய நெடுநாளைய கொள்கை. அக்கொள்கையால் ஊராருக்கு நன்மைகள் பல விளைந்தன. ஊருக்கு வெளியே இருந்தோருக்கு அதனால் விளைந்தது ஏதுமில்லை.

எனினும் அவர் சொன்ன ஒன்றை யான் பெரிதும் மதிக்கிறேன். 1824ஆம் ஆண்டின் இறுதி நாளில் எழுதிய நீண்ட குறிப்பில், பள்ளிகளும் நூல்களும் மட்டும் மக்களை உயர்த்தமாட்டா என்றார். படித்தவனுக்கு மதிப்புள்ள பதவியும் தக்க ஊதியமும் கிடைக்கும் வழி திறந்தால்தான் படிப்பு வளரும். உயர்பதவிகளை வெள்ளையரே வைத்துக்கொண்டு இந்தியருக்குக் கல்வி வழங்குவதாகச் சொல்வது பயனற்றது என்பது அவர் வாதம். இட ஒதுக்கீடு என்னும் சொல் அன்று பிறக்கவில்லை. ஆயினும் நம் தலைவர்கள் பிற்காலத்தில் பள்ளியோடு பதவியும் கேட்டபோது எழுப்பிய வாதத்தின் ஒரு பாதி இதில் இருக்கிறது. மன்றோ இந்தியர் என்றார். நம் தலைவர்கள் அந்த இந்தியருள் யார் என்று கேட்டனர்.

மன்றோ ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்ப நாள் குறித்திருந்தார். அதற்குமுன் தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களை ஒருமுறை காண விரும்பிப் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி பரவியிருந்தது. 1827ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், இன்றைய கர்நூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில் அந்நோய்க்கே பலியானார். குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831இல் சென்னைக் கோட்டை மாதா கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. இராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிடும் வழக்கம் உண்டாயிற்று. சென்னைத் தீவுத்திடலில் 1839இல் நாட்டப்பட்ட குதிரைச் சிலை அவருடையதே. சேணமும் அங்கவடியும் இல்லாமல் செதுக்கிவிட்டனர் என்பர். அறுபத்தாறு ஆண்டு வாழ்வில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை அவர் இந்நாட்டில் கழித்தார்.

அவருடைய பள்ளிகள் அவரளவு நீடிக்கவில்லை. இயக்குநர் சபை 50,000 ரூபாய் வரை அனுமதி தந்தது. சில பள்ளிகள் தோன்றின. ஆனால் 1830இல் அச்சபையே, பொதுமக்களின் தொடக்கக் கல்வியை விட உயர்ந்த வகுப்பாருக்கு உயர்ந்த கல்வி தருவதே தக்கது என்று சென்னைக்கு எழுதிற்று. மேலே ஊற்றினால் கீழே வடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1836இல் கலெக்டர் பள்ளிகளும் தாசில்தாரிப் பள்ளிகளும் மூடப்பட்டன. ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னையில் தொடங்கிய பள்ளி மட்டும் உருமாறி உயர்நிலைப் பள்ளியாகிப் பின் மாநிலக் கல்லூரியாயிற்று. மேலே ஊற்றியது சேரி வரை வடியவில்லை. மிஷன் பள்ளிகள் சில இடங்களில் கதவு திறந்தன. ஏனைய இடங்களில் நம் பிள்ளைகள் மாடு மேய்த்தனர்.

மன்றோ படிவம் வகுத்து எழுபது ஆண்டுகள் சென்றபின், செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் பறையர் நிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அரசாங்கத்துக்கு அனுப்பினார். பள்ளியும் வேண்டும், குடியிருக்கவும் உழவும் நிலமும் வேண்டும் என்பது அதன் சாரம். அதனையொட்டி 1893ஆம் ஆண்டு பிப்ரவரியில் பஞ்சமர் கல்வி பற்றிய அரசாணை பிறந்தது. பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், பஞ்சம ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை ஆகியவை அதில் இடம் பெற்றன. பொதுக்கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளில் பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், முகமதியர் என்னும் கட்டங்களுக்கு அருகே, பஞ்சமர் என்று தனியாக ஒரு கட்டமும் அச்சாகி, அதற்குக் கீழே நம் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் எழுதப்படலாயிற்று.